மோரிக்கு மூடி எங்கே?

(2025 நவம்பரில், பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஒரு சனிக்கிழமை மாலை நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)

கார்மெண்ட்ஸ் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் டிபன் பாக்ஸ் பையோடு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற அக்கா தங்கைகளே, பின்வரிசையில் நிற்கிற கன்னட நண்பர்களே!

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் அமைதியாகப் பேசினார். ‘மாண்புமிகு’ என்று நாலு தரம் சொன்னார். அவர் நல்ல மனுஷர். எனக்கு வயிறு எரிகிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

போன மாதக் கடைசியில் நம் துணை முதல்வர், பெங்களூரு வளர்ச்சித் துறையையும் கையில் வைத்திருக்கிற டி.கே. சிவகுமார் அவர்கள் ஒரு பேருண்மையைச் சொன்னார். ஹெப்பாளத்திலிருந்து சில்க் போர்டு வரை பூமிக்கடியில் சுரங்கச் சாலை போடப் போகிறார்களே, அது கார் வைத்திருப்பவனுக்கு மட்டும்தானே என்று கேள்வி வந்தது. அதற்கு அவர் பதில் என்ன? கார் இல்லாத பையனுக்கு இந்தக் காலத்தில் பெண் கொடுக்க யோசிக்கிறார்களாம்!

(சிரிப்பு)

சிரிக்கிறீர்கள். பேப்பரில் படித்ததும் நானும் சிரித்தேன். அப்புறம் எங்கள் தெருவை ஒரு சுற்று நினைத்துப் பார்த்தேன். கல்யாணமாகிக் குழந்தை குட்டியோடு இருக்கிற ஆண்கள் எத்தனை பேர்! ஒருத்தனிடமும் கார் கிடையாது. டி.வி.எஸ். வண்டியிலும் பி.எம்.டி.சி. பஸ்ஸிலும் போய்த்தான் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டுக்காரர்கள் கேட்டதெல்லாம் நிரந்தர வேலையா, குடிப்பானா, மாமியார் கூட இருப்பாரா என்பதுதான். முன்வரிசை அம்மா, நீங்களே சொல்லுங்கள், உங்கள் மாப்பிள்ளை அன்றைக்குக் காரிலா வந்தார்? பஸ்ஸிலா? அந்த பஸ்ஸும் லேட்டாகத்தான் வந்திருக்கும்.

சிவகுமார் அவர்களே, எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அந்தப் பாரம் உங்களுக்கு வேண்டாம். அந்தப் பெண் காலையில் வேலைக்குப் போகிற வழியில் மோரிக்குள், அந்தத் திறந்த சாக்கடைக்குள், விழாமல் போய்ச் சேர வேண்டும். அதற்கு மட்டும் வழி பண்ணுங்கள். மோரிக்கு மூடி போடுங்கள்.

கணக்குக்கு வருவோம். இந்தச் சுரங்கத்தின் நீளம் சுமார் 16.75 கிலோமீட்டர். 2024 ஆகஸ்டில் மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தபோது மதிப்பு 12,690 கோடி. அடுத்த வருஷம் அதே சுரங்கம் 17,698 கோடி. ஒரு மண்வெட்டி மண்கூட அள்ளவில்லை, அதற்குள் 5,000 கோடி ஏறிவிட்டது! வகுத்துப் பார்த்தேன். ஒரு மீட்டருக்கு ஒரு கோடிக்கு மேல் வருகிறது. பந்தல்கார அண்ணே, இந்த மேடை எத்தனை மீட்டர்? ஆறா? அப்படியென்றால் ஆறு கோடி ரூபாய்ச் சுரங்கத்தின் மேல் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன். இங்கிருந்து அந்தப் பேக்கரி வரைக்கும் போனால் நூறு கோடி!

இந்தப் பணத்துக்கு என்னவெல்லாம் வாங்கலாம் என்று ஊகம் செய்ய வேண்டியதில்லை. அரசே வாங்கிக் காட்டியிருக்கிறது. போன வருஷம் அக்டோபர் 16ஆம் தேதி காவிரி ஐந்தாம் கட்டத்தைத் திறந்து வைத்தார்கள். 110 கிராமங்களுக்குத் தினமும் 77 கோடியே 50 லட்சம் லிட்டர் தண்ணீர். செலவு 4,336 கோடி. சுரங்கப் பணத்தில் அப்படி நாலு காவிரித் திட்டம் போடலாம். இந்த ஆகஸ்ட் 10ஆம் தேதி பிரதமர் மோடி வந்து மஞ்சள் மெட்ரோவைத் திறந்தார். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர், 16 நிலையம், சுமார் 7,160 கோடி. நம் பொம்மனஹள்ளிக்கும் ஒரு நிலையம், ஹொங்கசந்திராவுக்கும் ஒரு நிலையம். வருஷக்கணக்கில் தாமதமாக வந்தாலும் வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் திறந்த அன்றைக்கு இருந்தது எத்தனை ரயில்? மூன்று! 25 நிமிஷத்துக்கு ஒரு ரயில். தண்டவாளத்துக்குக் காசு கொடுத்தவர்களுக்கு ரயில் நேரத்துக்கு வந்து சேரவில்லை. சுரங்கத்துக்கு மட்டும் எல்லாம் ஓட்டமும் நடையுமாக நடக்கிறது.

சரி, அந்தச் சுரங்கத்தில் நீங்கள் போக முடியுமா? பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவருக்கு அதில் வேலை இல்லை. ஸ்கூட்டர், பைக்குக்கு அனுமதி இல்லை. ஆட்டோவுக்கும் இல்லை. இந்த ஊரில் பதிவான வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. அதில் பெரும் பங்கு இரு சக்கர வண்டி. பி.எம்.டி.சி. பஸ்ஸில் தினமும் 40 லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள். இத்தனை பேரையும் கழித்துவிட்டு, கடைசியில் மிஞ்சுகிறவருக்காக 17,698 கோடி. அந்த மிஞ்சினவரும் ஒரு வழிக்கு 300 ரூபாய்க்கு மேல் சுங்கம் கட்ட வேண்டி வரும் என்கிறார்கள். இங்கே 300 ரூபாய் என்பது ஒரு வாரத்துக் காய்கறி!

சுரங்கம் வந்தால் நெரிசல் தீரும் என்று ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். அதாவது, ஹெப்பாளத்தில் உள்ளே போகிற கார் சில்க் போர்டில் வெளியே வந்ததும் ஆவியாகிவிடும் என்கிறார்கள். ஆவியாகாது சாமி! அது நேரே நம் தலையில்தான் வந்து இறங்கும். சில்க் போர்டுக்கு அடுத்தது எது? ரூபேன அக்ரஹாரா, பொம்மனஹள்ளி. மேலே பாருங்கள். 2010 ஜனவரியில் எலக்ட்ரானிக் சிட்டிக்கு மேம்பாலம் திறந்தார்கள், சுங்கத்தோடு. இந்த வருஷம் மெட்ரோ வந்தது. இனி பூமிக்கடியிலும் ஒன்று. ஆகாயத்தில் போகிறவனுக்கு வழி உண்டு. பாதாளத்தில் போகிறவனுக்கும் வழி வரப்போகிறது. பூமியில் நடக்கிறவளுக்கு என்ன உண்டு? மோரி. மூடி இல்லாத மோரி.

நம் ஊரில் நடைபாதை என்று தனியாக ஒன்று கிடையாது. மோரி மேல் போட்ட ஸ்லாப்தான் நடைபாதை. ஒரு ஸ்லாப் இருக்கும், அடுத்தது உடைந்திருக்கும், அடுத்தது காணாமல் போயிருக்கும், அதற்கடுத்ததன் மேல் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும். காலையில் ஷிஃப்டுக்கு ஓடுகிற பெண்கள் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். மழை வந்தால் ரோடும் மோரியும் ஒரே தண்ணீர், எது எங்கே என்று தெரியாது. இவர்களுக்குச் செய்யத் தெரியாது என்று நினைக்காதீர்கள். சர்ச் ஸ்ட்ரீட் போய்ப் பாருங்கள், ரெசிடென்சி ரோடு போய்ப் பாருங்கள். கிரானைட் பதித்து, விளக்குப் போட்டு, வழவழவென்று வைத்திருக்கிறார்கள். அங்கே நடக்கிறவனுடைய காலும் நம்முடைய காலும் வேறு வேறா?

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, தையல் பிரிவில் வேலை. போன மழைக்காலத்தில் உடைந்த ஸ்லாப்பில் கால் விட்டு எலும்பு முறிந்தது. லீவுக்குச் சம்பளம் இல்லை. நான் ஒரு ஆபீஸுக்குப் போனேன், பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, “இந்த மோரி எங்களுடையது இல்லை” என்றார். அப்படியானால் யாருடையது? ரோடு ஒருத்தருடையது, பாலம் இன்னொருத்தருடையது, மெட்ரோ தூண் வேறொருத்தருடையது, குடிநீர்க் குழாய் மற்றொருத்தருடையது. உள்ளே விழுந்த கால் மட்டும் எங்கள் அக்காவுடையது!

(கைதட்டல்)

இந்த மண்ணுக்குத் தண்ணீர் கணக்குத் தெரியாமலா இருந்தது? பக்கத்தில் மடிவாளா சோமேஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, 1247ஆம் வருஷத்தது. வேங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைக் கோயிலுக்கு எழுதி வைத்தவர்கள் வேப்பூர்க்காரர்கள். அந்த வேப்பூர்தான் இன்றைய பேகூர். அந்தப் பேகூரிலேயே அதற்கும் முன்னூற்று ஐம்பது வருஷம் மூத்த கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. பெங்களூரு என்கிற பெயர் அதில் வருகிறது. பேகூரில் கன்னடம், மடிவாளாவில் தமிழ், இரண்டு மொழியையும் ஒரே மண் சுமந்திருக்கிறது. அந்தக் காலத்துக் குடியானவனுக்கு ஏரி எங்கே, அதற்குக் கீழ் நிலம் எது, தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று தெரிந்திருந்தது. கல்லில் வெட்டி வைத்தான். இன்றைக்குச் செயற்கைக்கோள் வைத்துப் படம் எடுக்கிறவர்கள் ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் மேல் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டு, மழை வந்ததும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள்.

கல்லில் எழுதினவர்களைச் சொன்னதும் காகிதத்தில் எழுதின ஒரு திட்ட அறிக்கை ஞாபகம் வருகிறது. இந்தச் சுரங்கத்துக்குக் கோடிக்கணக்கில் கொடுத்து ஒரு அறிக்கை எழுதி வாங்கினார்கள். திறந்து பார்த்தால் உள்ளே நாசிக் வருகிறது, மாலேகான் வருகிறது. மகாராஷ்டிராவில் எதற்கோ எழுதினதை அப்படியே இங்கே ஒட்டியிருக்கிறார்கள்! ஐந்தாம் வகுப்புப் பையன் பார்த்து எழுதினால்கூடப் பெயரையாவது மாற்றுவான். மாநகராட்சி 5 லட்சம் அபராதம் போட்டது. எங்கள் தெருவில் குப்பையை வாசலில் போட்ட கிழவிக்கும் அபராதம், கோடிக்கணக்கில் வாங்கி நாசிக்கை எழுதினவனுக்கும் அபராதம். சட்டம் எல்லோருக்கும் சமம்!

இப்போது ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

2009 மே மாதம், லிங்கராஜபுரத்தில் ஆறு வயதுக் குழந்தை மழையில் திறந்த மோரியில் அடித்துக்கொண்டு போனது. பதினாறு வருஷம் ஆகிவிட்டது. இந்த மே 19ஆம் தேதி, நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற என்.எஸ். பாளையாவில் ஒரு குடியிருப்பின் கீழ்த்தளத்தில் மழைத் தண்ணீர் புகுந்தது. தண்ணீரை இறைக்கப் போனவருக்கு 63 வயது, மின்சாரம் தாக்கிச் செத்தார். கூடவே 12 வயதுச் சிறுவன் ஒருவனும் செத்தான். பன்னிரண்டு வயது! அந்தப் பிள்ளை காரா கேட்டான்? சுரங்கமா கேட்டான்? தெருவில் பெய்த தண்ணீர் தெருவோடு போயிருந்தால் அவன் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பான். சுமார் 860 கிலோமீட்டர் ராஜகாலுவே இந்த ஊரில் ஓடுகிறது. அதை ஒழுங்காகத் தூர்வாரி, சுவர் கட்டி, ஆக்கிரமிப்பை எடுத்து, தெரு மோரியை அதோடு சேர்த்து, மேலே மூடி போட ஒரு அரசாங்கத்துக்குப் பதினாறு வருஷம் போதவில்லை என்றால், அந்த அரசாங்கம் பூமிக்கடியில் 16 கிலோமீட்டர் தோண்டுகிறேன் என்று எந்த வாயால் சொல்கிறது? அந்தச் சுரங்கத்துக்குள் மழைத் தண்ணீர் புகுந்தால் யார் இறைப்பார்கள்?

எதிர்க்கட்சிக்காரர்கள் கைதட்ட வேண்டாம். உங்களுக்கும் வருகிறேன். இப்போது இந்தச் சுரங்கத்தால் லால்பாக் மரங்கள் போய்விடும் என்று பா.ஜ.க.வினர் கண்ணீர் விடுகிறார்கள். நல்லது, மரத்துக்கும் ஆள் வேண்டும். ஆனால் இந்த மாநகராட்சிக்குக் கடைசித் தேர்தல் நடந்தது 2015 ஆகஸ்டில். கவுன்சிலர்கள் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அப்போது விதான சௌதாவில் யார் இருந்தது? நீங்கள்தான்! 2023 வரை இருந்தீர்கள், தேர்தல் நடத்தினீர்களா? பொம்மனஹள்ளி சட்டமன்றத் தொகுதி 2008இல் வந்தது. அன்றிலிருந்து நாலு தேர்தலிலும் ஜெயித்தவர் உங்கள் சதீஷ் ரெட்டி அவர்கள். நாலு தரம் ஓட்டுப் போட்டோம், மோரிக்கு மூடி எங்கே?

முன்னே கவுன்சிலர் என்று ஒருத்தர் இருப்பார். காரியம் செய்கிறாரோ இல்லையோ, காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்று நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டவாவது முடியும். ஐந்து வருஷமாகத் திட்டக்கூட ஆள் இல்லை! போர்டு மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. முதலில் பொம்மனஹள்ளி நகரசபை என்று இருந்தது. 2007இல் பெரிய மாநகராட்சியோடு சேர்த்தார்கள். இந்த செப்டம்பரில் ஐந்தாக வெட்டி, நம்மைத் தெற்கு மாநகராட்சி என்றார்கள். அதற்கு மேல் கிரேட்டர் பெங்களூரு ஆணையம் வேறு. மூன்று போர்டு பார்த்தாயிற்று. மோரி அதே மோரி.

ஒவ்வொரு ஆட்சிக்கும் ஒரு விளையாட்டுச் சாமான் வேண்டும். 2016இல் சித்தராமையா ஆட்சியில் ஹெப்பாளத்துக்கு இரும்புப் பாலம் என்றார்கள், 1,791 கோடி. ஜனங்கள் கைகோத்து நின்று ‘பேடா’, வேண்டாம், என்றார்கள். அடுத்த மார்ச்சில் கைவிட்டார்கள். குமாரசாமி வந்ததும் ஊர் முழுக்க நூறு கிலோமீட்டர் உயர்மட்டச் சாலை என்றார். அவர் போனார், அதுவும் போனது. இப்போது சுரங்கம், கூடவே 250 மீட்டர் உயரத்துக்கு ஸ்கை டெக். மேலே ஏறி ஊரைப் பார்க்கலாமாம். பாருங்கள், நன்றாகப் பாருங்கள், ஈஜிபுரா மேம்பாலம் தெரியும்! 2017இல் ஆரம்பித்தது, வெறும் இரண்டரை கிலோமீட்டர், இன்னும் முடிந்தபாடில்லை. இரண்டரை கிலோமீட்டரை முடிக்கத் தெரியாதவர்கள் பதினாறே முக்கால் கிலோமீட்டர் தோண்டக் கிளம்பிவிட்டார்கள். கூரை ஒழுகுகிற வீட்டில் ஒருத்தன் கடன் வாங்கி ஏ.சி. மாட்டினானாம், அந்தக் கதைதான்.

கடவுளே வந்தாலும் இரண்டு மூன்று வருஷத்தில் பெங்களூரை மாற்ற முடியாது என்று இதே துணை முதல்வர்தான் பிப்ரவரியில் சொன்னார். கடவுளை ஏன் ஐயா இழுக்கிறீர்கள்? ஸ்லாப் போடக் கடவுள் வேண்டாம். ஒரு மேஸ்திரியும் நாலு ஆளும் போதும்.

மோரிக்குப் பணம் கேட்டால் ஒரு கூட்டம் உடனே குறுக்கே வரும். பெண்களுக்கு இலவச பஸ் விட்டீர்கள், மாதம் 2,000 கொடுத்தீர்கள், அதனால்தான் கஜானா காலி என்பார்கள். அவர்கள் பேச்சைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வேலைக்காரம்மா டிக்கெட் வாங்காததால் என் காருக்கு ரோடு இல்லை! இது போன்ற அரசின் ஐந்து கேரண்டித் திட்டத்துக்கும் சேர்த்து இந்த வருஷ ஒதுக்கீடு 51,034 கோடி. அது மாநிலம் முழுக்கக் கோடிக்கணக்கான பேர் கையில் போகிறது, அரிசியாகிறது, ஃபீஸாகிறது, மருந்தாகிறது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மார்ச் 7ஆம் தேதி முதல்வர் 4 லட்சத்து 9 ஆயிரம் கோடிக்கு பட்ஜெட் வாசித்தார். பெங்களூருக்கு வருஷ மானியம் 3,000 கோடியிலிருந்து 7,000 கோடி என்றார். சுரங்கத்துக்காக 19,000 கோடிக்கு அரசே ஜாமீன் நிற்கும் என்றார். ஜாமீன்! நம்மில் ஒருத்தருக்குச் சீட்டுக்கம்பெனியில் ஜாமீன் போட ஆள் கிடைக்காது. சுரங்கத்துக்கு மாநிலமே கையெழுத்துப் போடுகிறது.

கையெழுத்து அங்கே, வசூல் இங்கே. ஜனவரியில் பஸ் கட்டணம் 15 சதவீதம் ஏறியது. பிப்ரவரியில் மெட்ரோ 60 ரூபாய் டிக்கெட் 90 ஆனது. ஏப்ரலில் பால் லிட்டருக்கு 4 ரூபாய், கரண்டு யூனிட்டுக்கு 36 பைசா, தண்ணீருக்கும் ஏற்றம், குப்பைக்குத் தனிக் கட்டணம். வாங்குவதற்கு எல்லா ஆபீஸுக்கும் நம் விலாசம் தெரிகிறது. மூடி போடும்போது மட்டும் இந்தத் தெரு எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

ஒரு பழைய கதை, பெரியவர்களுக்குத் தெரியும். அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையை 1991இல் வைத்தார்கள். திறக்க விடவில்லை. 2009 ஆகஸ்டில் கருணாநிதியும் எடியூரப்பாவும் சேர்ந்து நின்று திறக்கும் வரை பதினெட்டு வருஷம் கோணியும் படுதாவும் சுற்றி மூடியே வைத்திருந்தார்கள். மூட வேண்டும் என்று நினைத்தால் இவர்களுக்குப் பதினெட்டு வருஷம் மூடி வைக்கத் தெரிகிறது. மூட வேண்டாததை மூடினவர்களே, மூட வேண்டியதை எப்போது மூடுவீர்கள்?

(பலத்த சிரிப்பு, கைதட்டல்)

கன்னட நண்பர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மோரிக்கு மொழிப் பற்று கிடையாது. தமிழன், கன்னடிகர், தெலுங்கர், உருது பேசுகிற பாய், ஒடிசாவிலிருந்து வந்த தம்பி, யார் கால் வைத்தாலும் ஒரே மாதிரி விழுங்கும்.

நம்மால் என்ன ஆகும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. 2016 பிப்ரவரியில் மத்திய அரசு பி.எஃப். பணத்தில் கை வைத்தது. முதலாளி போட்ட பங்கை 58 வயது வரை எடுக்கக் கூடாது என்றது. ஏப்ரல் 18ஆம் தேதி காலை, கட்சி இல்லை, கொடி இல்லை, மேடை இல்லை, இதே பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு ஓசூர் ரோட்டில் இறங்கினார்கள். தடியடி நடந்தது, கண்ணீர்ப் புகை வந்தது. மறுநாளும் வந்தார்கள். அன்று மாலைக்குள் டெல்லியில் தொழிலாளர் மந்திரி பண்டாரு தத்தாத்ரேயா அந்த உத்தரவை வாபஸ் வாங்கினார். இரண்டே நாள்! அன்றைக்கு ஓசூர் ரோட்டில் ஒரு கார் நகரவில்லை, ஞாபகம் இருக்கிறதா? அதில் நடந்தவர்கள் சிலர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள், முகம் பார்த்தால் தெரிகிறது.

ஆகவே தீர்மானம் இது, கைதூக்குங்கள். சுரங்கத்தை நிறுத்து. அந்தப் பணத்தில் முதல் கணக்கு மோரிக்கும் நடைபாதைக்கும், அடுத்தது பஸ்ஸுக்கும் ரயிலுக்கும். வார்டு தேர்தலை நடத்து. ஸ்லாப் யார் பொறுப்பு என்று தெருவுக்குத் தெரு பெயரும் போன் நம்பரும் எழுதிப் போடு.

தேர்தல் என்றைக்காவது வரும். எந்தக் கட்சி வேட்பாளர் வந்தாலும் ஆரத்தி வேண்டாம், மாலை வேண்டாம். பொம்மனஹள்ளி மெட்ரோ நிலையத்தில் இறக்கிவிடுங்கள். அங்கிருந்து கார்மெண்ட்ஸ் கேட் வரைக்கும் காலை ஷிஃப்ட் நேரத்தில் நம் பெண்களோடு ஸ்லாப் மேலேயே நடக்கட்டும், ரோட்டில் இறங்காமல். முழுசாகப் போய்ச் சேர்ந்தால் நின்று பேசுவோம். காரில் வந்தால், கதவைக்கூடத் திறக்க விடாதீர்கள்.